பின்பால் மெஷினுக்குள் கிடந்த காயில் எதனுடையது?
பழைய பின்பால் மெஷினை (சாய்ந்த பலகையில் பந்தை அடித்து ஆடும் விளையாட்டு இயந்திரம்) திறந்தபோது உள்ளே ஒரு காயில், அதாவது மின்கம்பிச் சுருள், தனியாகக் கிடந்தது, எதனுடையது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதைச் சுற்றியிருக்கும் காகிதத்தைப் பாருங்கள். வில்லியம்ஸ் நிறுவனத்தின் காயிலில் ஏஇ-23-800 என்று அச்சிட்டிருந்தால், 23 என்பது கம்பியின் கேஜ் (தடிமனைக் குறிக்கும் எண்), 800 என்பது சுற்றுகளின் எண்ணிக்கை. காகிதம் கிழிந்துவிட்டதா? சரி, ஒயர் பற்றவைக்கும் முனைகளை எண்ணுங்கள். மூன்று இருந்தால் பெரும்பாலும் ஃபிளிப்பரின் (பந்தைத் தட்டும் துடுப்பு) காயில்தான்: பந்தை அடிக்க வலுவான ஒரு சுருள், ஃபிளிப்பரைத் தூக்கியபடியே பிடித்திருக்க மெல்லிய கம்பியில் இன்னொன்று.

அப்புறம், ஆடுதளத்தின் அடிப்பக்கத்தில் காலியான திருகுத் துளைகளும் அறுந்த ஒயரும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அதுவரை அங்கே அழுக்கைத் துடைக்காதீர்கள். பாகம் உட்கார்ந்திருந்த தடம் அந்த அழுக்கில்தான் தெரியும். நான் ஒருமுறை பளபளவென்று துடைத்துவிட்டுத் திருதிருவென விழித்திருக்கிறேன்.