வேலையை விட்டவரின் லேப்டாப்பைப் புதியவருக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: ராயபுரத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் வைத்திருக்கிறோம். வேலையை விட்ட மூன்று பேரின் லேப்டாப்களைப் புதியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு இங்கே, ஒன்று மணலி குடோனில். எல்லாம் விண்டோஸ் 11, இன்ட்யூனில் (கம்பெனி லேப்டாப்களை நெட் வழியே நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) சேர்த்தவை. மணலியில் இருப்பதை இங்கிருந்தே ரீசெட் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். இன்ட்யூனில் அந்த லேப்டாப்பைத் திறந்து 'ஆட்டோபைலட் ரீசெட்' கொடுங்கள். பழையவரின் கோப்புகளும் ஆப்களும் செட்டிங்குகளும் போய்விடும். வைஃபை விவரமும் கம்பெனிக் கணக்கின் இணைப்பும் நிற்கும். அடுத்து யார் லாகின் செய்கிறாரோ அவர் பெயருக்கு லேப்டாப் மாறிவிடும். ஆனால் உங்கள் ஆபீஸ் சர்வரின் டொமைனிலும் சேர்த்த 'ஹைப்ரிட்' லேப்டாப்புக்கு இது வேலை செய்யாது. அதற்கு முழுதாக அழிக்கும் 'வைப்' கொடுத்து, முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

குடோனில் ஒருவரைப் போனில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சார்ஜர் குத்தியிருக்க வேண்டும், நெட் இருக்க வேண்டும், முடியும்வரை யாரும் மூடியை மூடக் கூடாது. பாதியில் நின்றுவிட்டால் கண்டெய்னர் லாரி வரிசையில் காத்திருந்து நீங்களே நேரில் போக வேண்டியதுதான்.

கையில் இருக்கும் இரண்டுக்கும் லாக் ஸ்கிரீனில் கண்ட்ரோல், விண்டோஸ், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, அட்மின் பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். இதற்கான அனுமதியை இன்ட்யூனில் முன்கூட்டியே ஆன் செய்ய வேண்டும்; தானாக இருக்காது. எந்த வழியானாலும் விண்டோஸின் ரெகவரி பகுதி உயிரோடு இருக்க வேண்டும். அட்மினாகக் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'ரீஏஜென்ட்சி ஸ்லாஷ் இன்ஃபோ' (reagentc /info) அடித்துப் பாருங்கள். 'டிஸேபிள்டு' என்று வந்தால் 'ஸ்லாஷ் எனேபிள்' (reagentc /enable) கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ரீசெட் தொடங்க மறுப்பதற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

அழிக்கும் முன் டேலி டேட்டா, மெயில்கள் இருக்கும் அவுட்லுக் பிஎஸ்டி கோப்பு, டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீ மூன்றையும் எடுத்து வையுங்கள். டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கனுக்குள் இருப்பதால் அதற்கு ஆபத்தில்லை. டிரைவரை மட்டும் மறுபடி போட வேண்டும்.

அப்புறம் டி டிரைவ். விண்டோஸின் சாதாரண 'ரீசெட் திஸ் பிசி' வழக்கமாக விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டுமே துடைக்கும். நான் ஒரு ஆபீஸில் அப்படிச் செய்து கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் டி டிரைவைத் திறந்தபோது 'பர்சனல்' என்றொரு ஃபோல்டர். முன்பு இருந்தவரின் ஆதார், பான், மகளின் டிசி எல்லாம் ஸ்கேன் செய்து கிடந்தன. நம்பி வேலை பார்த்தவருக்கு அப்படி நடந்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து ரீசெட் முடிந்ததும் எல்லா டிரைவையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் லேப்டாப்பைக் கை மாற்றுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஒருவேளை ரிச்சி தெருவில் விற்பதாக இருந்தால் ஆட்டோபைலட் ரீசெட் வேண்டாம். 'ரீசெட் திஸ் பிசி'யில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, 'கிளீன் டேட்டா'வையும் எல்லா டிரைவையும் அழிக்கும் வசதியையும் ஆன் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. இன்ட்யூனிலிருந்தும், கம்பெனி லேப்டாப்கள் பதிவாகியிருக்கும் ஆட்டோபைலட் பட்டியலிலிருந்தும் அந்த லேப்டாப்பை நீக்குங்கள். பட்டியலில் விட்டுவைத்தால், வாங்கியவர் ஆன் செய்து நெட்டில் இணைத்ததும் உங்கள் கம்பெனியின் லாகின் திரைதான் வந்து நிற்கும்.