மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்க்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. வீணான பொருட்களில் ஏதாவது செய்துவரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறாள். ஒட்டுவதற்கு வீட்டிலேயே பசை காய்ச்சலாமா?

பதில்: தாராளமாகக் காய்ச்சலாம். இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். பளபளத்துக் கெட்டியானதும் இறக்கி ஆறவிடுங்கள். அவ்வளவுதான்.

பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்க்கும்படி வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சுவரொட்டி ஒட்டுபவர்களுக்கும் புத்தகம் பைண்டு செய்பவர்களுக்கும் பழக்கமான முறை அது. அந்த நீலக் கல் காப்பர் சல்பேட். வயிற்றுக்குள் போனால் வாந்தியும் எரிச்சலும் வரும். அளவு மிஞ்சினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். துளிகூட வேண்டாம். கடைகளில் பெயரில்லாத டப்பாவில் விற்கும் பசையும் வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. மீந்த பசை குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் இருக்கலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. மைதா என்பது கோதுமைதான். மகளுக்குக் கோதுமை ஒவ்வாமை இருந்தால் இந்தப் பசையைத் தொடவே விடாதீர்கள். அவளுக்கு இல்லாவிட்டாலும் வகுப்பில் வேறொரு குழந்தைக்கு இருக்கலாம், ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் ஜவ்வரிசிக் கஞ்சி போதும். சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்தாலும் காகிதம் நன்றாக ஒட்டும். பட்டம் ஒட்டியவர்களுக்கு இது தெரியும்.

பொருட்களுக்கு அலைய வேண்டாம். தேங்காய்நார் நீக்கி வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சி, அட்டைப்பெட்டி, பழைய சேலைத் துண்டு, நாளிதழ் போதும். பொத்தான், மணி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றைத் தராதீர்கள். அந்த அட்டைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பள்ளி வாசலில் 'வேஸ்ட் கிராஃப்ட் செட்' என்று புதுத் தெர்மாகோலும் ஜிகினாவும் கட்டி விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய புதுப் பொருள் எப்படி வீணான பொருளாகும்? தெர்மாகோல் குவளைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் கைவினைப் பட்டியலில் தெர்மாகோல் அட்டையைப் பள்ளிகளே எழுதி அனுப்புகின்றன. கேட்டால் கண்காட்சிக்கு எடுப்பாக இருக்க வேண்டுமாம். நான்கு வயதுக் குழந்தை ஒட்டியது கோணலாகத்தான் இருக்கும். நீங்கள் திருத்தாமல் அதையே கொடுத்தனுப்புங்கள்.