செயலாளரின் ஜிபே எண்ணுக்கு வசூல் வேண்டாம்

கேள்வி: வேளச்சேரியில் 140 வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. போன வருடம் புற்றுநோயில் இறந்த ஒரு குடியிருப்பாளரின் நினைவாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணமும் சாப்பாட்டுக் கடைகளும் நடத்தி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் பணம் திரட்டித் தர நினைக்கிறோம். செயலாளரின் ஜிபேயில் வாங்கி மொத்தமாகக் கொடுத்தால் எல்லோருக்கும் 80ஜி வருமான வரிச் சலுகை கிடைக்குமா? 25 சதவீதம் கொடுத்தால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாக ஒரு ஈவென்ட்காரர் சொல்கிறார். மகள், மகன் வெளிநாட்டில் இருக்கும் சிலரும் பணம் அனுப்பத் தயார்.

ஆடிட்டர் பதில்: முதலில் அந்த ஈவென்ட்காரருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். என்னிடம் கணக்கு பார்க்க வந்த ஒரு சங்கம் இப்படித்தான் மாட்டியது. வசூல் 80,000 ரூபாய். பந்தல், மைக், டி-ஷர்ட், அதற்கு மேல் கமிஷன் எல்லாம் போக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது 22,000. பேனரில் ஆஸ்பத்திரியின் முத்திரை இவ்வளவு பெரிதாக இருந்தது, ஆனால் இப்படி ஒரு வசூல் நடந்ததே ஆஸ்பத்திரிக்குத் தெரியாது! யார் வந்து கேட்டாலும் ஆஸ்பத்திரி கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் பேர் அத்தோடு காணாமல் போவார்கள்.

செயலாளர் தங்கமானவராகவே இருக்கட்டும். அவர் கணக்கிலிருந்து பணம் போனால் ரசீதும் அவர் பெயரில்தான் வரும், மற்ற 139 வீட்டுக்கும் ஒன்றும் கிடையாது. அதனால் ஆஸ்பத்திரியின் வங்கிக் கணக்கு விவரத்தை ஆஸ்பத்திரி அலுவலகத்திலேயே எழுத்தில் வாங்கி, அதை நோட்டீஸில் அடித்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த க்யூஆரை நம்பாதீர்கள். 1954-ல் 12 படுக்கைகளோடு முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய இடம் அது, நன்கொடை வாங்குவது அவர்களுக்குப் புதிதல்ல, நடுவில் ஆள் தேவையே இல்லை.

80ஜி விஷயத்தில் பலர் பாதிப் பணம் திரும்ப வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வராது. 5,000 ரூபாய் கொடுத்தால் பொதுவாக 2,500 உங்கள் வருமானத்திலிருந்து கழியும், 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சம் 500 ரூபாய்ச் சொச்சம், அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்குச் சலுகையே இல்லை. கடையில் பஜ்ஜி வாங்கித் தின்றதெல்லாம் நன்கொடை ஆகாது. உண்டியல் பணத்தை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டலாம் என்றும் நினைக்காதீர்கள், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கொடுப்பவரின் பான் எண்ணைச் சரியாக எழுதி வாங்குங்கள். அதில் ஓர் எழுத்து தப்பினாலும் வருமான வரி போர்ட்டலில் நன்கொடைச் சான்றிதழ் சரியாக வராது, அப்புறம் நோட்டீஸ் வருவது நல்ல மனதோடு கொடுத்தவருக்கு. எதையும் நேராகச் செய்ய விடாத போர்ட்டல் அது, நானே தினமும் திட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எல்லோரும் இங்கேதான் குழம்புகிறார்கள். மகன் கலிஃபோர்னியாவில் இருக்கிறார், கையில் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அவர் சொந்தச் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி, மயிலாப்பூரில் பிறந்தவர் என்றாலும் சரி, லீவுக்கு வந்த இடத்தில் 500 ரூபாய் நோட்டாக எடுத்து நீட்டினாலும் சரி, சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான். உங்கள் சங்கம் அதைத் தொடவே கூடாது. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டும்தான் வாங்கலாம், அதுவும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளையில் வைத்திருக்கும் கணக்கில். சென்னை ஆஸ்பத்திரிக்கு வரும் பணம் ஏன் டெல்லியைச் சுற்றி வர வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். மகளை ஆஸ்பத்திரியிடமே நேரடியாகக் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். மகன் கணக்கு, மகள் பணம் என்று குறுக்கு வழி சொல்லித் தர ஆள் இருப்பார்கள், காதில் வாங்காதீர்கள்.

கடைகளில் வந்த லாபத்தைச் சங்கத்தின் கணக்கில் போட்டு, சங்கத்தின் பெயரில் காசோலையாகக் கொடுங்கள். கூடவே ஒரு கடிதம் வையுங்கள், பணம் ஏழை நோயாளர் சிகிச்சைக்கா ஆராய்ச்சிக்கா என்று அதில் இருக்கட்டும். ஒன்றும் எழுதாவிட்டால் பொது நிதியில் சேர்ந்துவிடும், ஆறு மாதம் கழித்துப் போய் எதற்குச் செலவானது என்று கேட்டால் அவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது.