பணம் கட்டியும் செட்டாப் பாக்ஸில் சேனல் ஏன் உடனே வருவதில்லை?

கேபிளில் கட்டணச் சேனல்கள் எல்லாமே எல்லா வீட்டுக்கும் வருகின்றன, ஆனால் பூட்டிய நிலையில். எந்தப் பெட்டி எந்தப் பூட்டைத் திறக்கலாம் என்ற அனுமதியைத்தான் ஆக்டிவேஷன் என்கிறோம். பூட்டின் சாவியும் நிலையானதல்ல. சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும். பெட்டிக்குள் இருக்கும் சிப் கார்டு அனுமதி பெற்றிருந்தால் மட்டுமே புதுச் சாவியை எடுத்துக் கொடுக்கும்.

சரி, தாமதம் எதனால்? நீங்கள் பணம் கட்டியதும் உங்கள் கார்டு எண்ணுக்கான அனுமதிச் செய்தி அதே கேபிளில், ஆயிரக்கணக்கான பிற செய்திகளோடு திரும்பத் திரும்ப அனுப்பப்படும். மருத்துவமனையில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது போலத்தான்: எல்லோர் காதிலும் விழும், அந்த எண்காரர் மட்டும் எழுவார். அந்நேரம் அவர் வெளியே போயிருந்தால்? அடுத்த முறை கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் பெட்டியை ஆனில் வைத்து, படம் வரும் ஏதாவதொரு சேனலில் விட்டுவிடுங்கள். அப்புறமும் வராவிட்டால், ஆபரேட்டரிடம் கார்டு எண்ணைச் சொல்லி அனுமதியை மறுபடி அனுப்பச் சொல்லலாம். ஓர் இலக்கம் தவறினாலும் அனுமதி உங்களுக்கு வந்து சேராது.

அடிக்கடி அணைத்துப் போட்டால் சேனல் சீக்கிரம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். மின்சாரம் இல்லாத பெட்டிக்கு அந்தச் செய்தி கேட்கவே கேட்காது.