ரிங் போவதற்குள் கட் பண்ணிவிடுகிறேன்

மேடம்,

எனக்கு வயது 34. நாலு மாதமாக விடியற்காலை 3 மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கமே இல்லை. குளிக்கக்கூட மனசு வருவதில்லை. மனநல மருத்துவர் ஒருவரின் எண்ணைச் சீட்டில் எழுதி போன் கவருக்குள் வைத்திருக்கிறேன். எடுத்து எடுத்துப் பார்த்து மடிப்பே கிழிந்துவிட்டது. எண்ணை அழுத்துவேன், ரிங் போவதற்குள் கட் பண்ணிவிடுவேன். என்ன கஷ்டம் என்று கேட்டால் எதைச் சொல்வது? கணவர் நல்லவர், வேலை இருக்கிறது, பிள்ளை நன்றாகப் படிக்கிறான். என்னைவிடக் கஷ்டப்படுபவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கான நேரத்தை நான் ஏன் வீணாக்க வேண்டும்? மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று அக்கா வேறு பயமுறுத்துகிறாள். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

– பெயர் வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

அடுத்தவர் நேரத்தை வீணாக்குவதாக எழுதிய அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன். நீங்கள் அதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது அறிகுறியாகத்தான் தெரிகிறது. காய்ச்சலில் உடம்பு சுடுவது மாதிரி, மனச்சோர்வில் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் வரும். வேறு பல நோய்களில் வலியே நம்மை மருத்துவரிடம் துரத்தும். இந்த நோயோ வாசலிலேயே கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றில்லை. வெளியே தெரிகிற காரணம் ஏதும் இல்லாமலும் இது வரும். 3 மணி விழிப்பு, குளிக்க மனசில்லாதது, நாலு மாதம் – இந்தக் கடிதத்தையே நீட்டுங்கள், போதும். இரண்டு வாரம் இப்படி நீடித்தாலே மருத்துவர் கவனிக்க வேண்டிய விஷயம்.

அக்காவின் பயம் பாசத்தில் வருவது. ஆனால் மனச்சோர்வு மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரலாம், அதனால் படிப்படியாகக் குறைப்பார்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் பிடிக்கும், குணமான பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். ‘மருந்து கேட்கவே இல்லை’ என்று பலர் கைவிடுவது அந்த முதல் வாரங்களில்தான். சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது, பேச்சு சிகிச்சையே போதும்.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். தனியாக இருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்று ராத்திரி அந்தச் சீட்டைக் கணவர் கையில் கொடுங்கள். அவரே போன் போட்டு நேரம் வாங்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.