விளிம்பைப் பிடிக்கும் சர்க்யூட்: வாசகர் கேள்வி – பதில்

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டில் ஓவி7670 கேமராவை இணைத்து, படத்தில் பொருள்களின் விளிம்பைக் கண்டறியப் பார்க்கிறேன். ஒரு படத்துக்கே பல நொடி ஆகிறது. எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு (நாமே சர்க்யூட்டை அமைத்துக்கொள்ளும் சில்லு) மாறினால் வேகம் வருமா? எந்த போர்டு வாங்கலாம்?
– பாலிடெக்னிக் மாணவி, தண்டையார்பேட்டை

வரும். ஊனோவைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கே இடம் கொடுக்கவில்லை. 640×480 படத்தில் 3,07,200 பிக்சல். நொடிக்கு 30 படம் என்றால் 92,16,000 பிக்சல். ஊனோவின் கிளாக் 16 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு பிக்சலுக்கு இரண்டு கிளாக்கூட இல்லை. ரேம் 2,048 பைட்தான். படத்தின் மூன்று வரிகளை வைத்தாலே 1,920 பைட் போய்விடும்.

எஃப்.பி.ஜி.ஏ.வில் முழுப்படத்தையும் சேமிக்கத் தேவையே இல்லை. விளிம்பு காணும் சோபல் முறை, ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் உள்ள 3×3 கட்டத்தில் வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் பார்க்கும். முந்தைய இரண்டு வரிகள் கையில் இருந்தால் போதும், கேமராவிலிருந்து பிக்சல் வர வர விடை வெளியே போய்க்கொண்டிருக்கும். 24 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக்கில் ஒரு வரிக்கு 1,568 கிளாக், சுமார் 65 மைக்ரோநொடி. தாமதமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

அந்த இரண்டு வரிகளை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஷிஃப்ட் ரெஜிஸ்டராக (ஒவ்வொரு கிளாக்கிலும் தரவை ஒரு படி தள்ளும் வரிசை) எழுதினால் 640×8×2, மொத்தம் 10,240 ஃபிளிப்ஃபிளாப் (ஒரு பிட்டைப் பிடித்துவைக்கும் உறுப்பு). டேங் நானோ 9கே என்ற சிறு எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் இருப்பதே 6,480. பெரிய சில்லில் இடம் கிடைத்தாலும் ஒவ்வொரு பிக்சலுக்கும் பத்தாயிரம் ஃபிளிப்ஃபிளாப் புரண்டு மின்சாரத்தைத் தின்னும். பிளாக் ரேமில் (சில்லுக்குள் தனியாக இருக்கும் நினைவகத் துண்டுகள்) வையுங்கள். 16 பிட் அகலத்தில் ஒரே நினைவகம்: மேல் பாதியில் முந்தைய வரி, கீழ்ப் பாதியில் அதற்கும் முந்தைய வரி. நெடுவரிசை எண்தான் முகவரி. பிக்சல் வந்ததும் அந்த முகவரியைப் படியுங்கள். புதுப் பிக்சலை மேல் பாதியிலும், படித்த மேல் பாதியைக் கீழ்ப் பாதியிலும் போட்டுத் திரும்ப எழுதுங்கள். தரவு எதுவும் நகர வேண்டாம், முகவரி மட்டும் நகர்கிறது. மொத்தம் 10,240 பிட், டேங் நானோ 9கே-யின் 26 பிளாக்குகளில் ஒன்றே போதும். உங்கள் வேலைக்கு அந்த போர்டே தாராளம். சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஆன்லைனில் வாங்கலாம்.

இணைக்கும்போது: கேமராவின் இரண்டு கட்டுப்பாட்டு ஒயர்களுக்கும் 3.3 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் போடுங்கள், பல மாட்யூல்களில் அது இருக்காது. பவர்-டவுன் பின் கிரவுண்டுக்கு, ரீசெட் பின் 3.3 வோல்ட்டுக்கு. பிக்சல் கிளாக் ஒயர் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். கேமரா முனையில் 33 ஓம் தொடராகப் போட்டால் கிளாக் துள்ளாது. போர்டில் சில பின்கள் 1.8 வோல்ட் பேங்கில் (ஒரே மின்னழுத்தத்தில் இயங்கும் பின் குழு) இருக்கின்றன. சர்க்யூட் படத்தைப் பார்த்து, 3.3 வோல்ட் பின்களை மட்டும் எடுங்கள்.

சோபலில் பெருக்கல், வர்க்கமூலம் எல்லாம் வருகிறதே, அதைக் குறைப்பது எப்படி? பிராஜெக்டில் தோராய ஆடர் (துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கூட்டும் சர்க்யூட்) போட்டுப் பார்த்தோம். பவர் ரிப்போர்ட்டில் ஒன்றும் குறையவில்லை.
– இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள், வியாசர்பாடி

பெருக்கல் என்று ஒன்று இல்லை. சோபலின் கெழுக்கள் (பிக்சலைப் பெருக்கும் எண்கள்) 1, 2 மட்டும்; இரண்டால் பெருக்குவது ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி ஒயர் போடுவதுதான்.

கூட்டல்களைக் குறைக்க வழி இருக்கிறது. இரண்டு திசைக்கும் நேரடியாக எழுதினால் பத்துக் கூட்டல்–கழித்தல் ஆகும். புது நெடுவரிசை வந்தவுடன் அதன் மூன்று பிக்சல்களிலிருந்து இரண்டே மதிப்புகளைச் செய்துகொள்ளுங்கள்: மேல் + 2×நடு + கீழ் (இது கூட்டு), கீழ் – மேல் (இது வித்தியாசம்). இவற்றை இரண்டு படி ரெஜிஸ்டரில் தாமதப்படுத்துங்கள். சரிவு என்பது வெளிச்சம் மாறும் அளவு. கிடைத்திசைச் சரிவு = இப்போதைய கூட்டு – இரண்டு படி முந்தைய கூட்டு. செங்குத்துச் சரிவு = இப்போதைய வித்தியாசம் + 2×முந்தையது + அதற்கும் முந்தையது. மொத்தம் ஆறு. கூட்டுக்கு 10 பிட், வித்தியாசத்துக்குக் குறியோடு 9 பிட், சரிவுகளுக்குக் குறியோடு 11 பிட்.

விளிம்பின் வலிமையைக் கணிக்க, வர்க்கமூலத்துக்குப் பதில் இரண்டு சரிவுகளின் குறியில்லா மதிப்பைக் கூட்டலாம். 45 டிகிரி விளிம்பில் இது 41 சதவீதம் அதிகம் காட்டும். சாய்வுக் கோடு முக்கியமென்றால் பெரியது + சிறியதில் பாதி என்று எடுங்கள். பிழை 12 சதவீதத்துக்குள் நிற்கும், கூடுதல் செலவு ஓர் ஒப்பீடு மட்டும்.

தோராய ஆடர் ஏமாற்றியதற்குக் காரணம் உண்டு. கீழ்ப் பிட்டுகளில் ஆர் கேட் போட்டு கேரியை (அடுத்த பிட்டுக்குப் போகும் மிச்சத்தை) வெட்டும் முறை, சில்லையே வடிவமைப்பவர்களுக்கு ஆனது. எஃப்.பி.ஜி.ஏ.வில் கேரிச் சங்கிலி ஏற்கெனவே வன்பொருளாகப் பதிந்திருக்கிறது; சாதாரணக் கூட்டல் குறியே அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். அதை மீறி எழுதினால் லுக்-அப் டேபிள் (எஃப்.பி.ஜி.ஏ.வின் அடிப்படைத் தர்க்க உறுப்பு) கூடவும் செய்யும். எஃப்.பி.ஜி.ஏ.வில் தோராயம் வேண்டுமானால் பிக்சலின் கீழ் இரண்டு பிட்டுகளை நுழைவாயிலிலேயே வெட்டுங்கள். கேமரா இரைச்சலால் அதிகம் துடிப்பவை அவைதான். பாதை முழுவதும் மெலிகிறது, விளிம்பில் பெரிய வித்தியாசம் தெரியாது. விளிம்பா இல்லையா என்று முடிவுசெய்யும் வரம்பு மதிப்பை நான்கால் வகுக்க மறக்காதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் ரெஜிஸ்டர் போடுங்கள். வேகத்துக்காகச் செய்வதுதான், ஆனால் பொய்த் துடிப்புகள் அடுத்த படிக்குப் பரவாமல் தடுப்பதால் மின்சாரமும் மிஞ்சும். கேமரா ஒரு பிக்சலுக்கு இரண்டு பைட் அனுப்புகிறது, அதில் ஒளிர்வு ஒன்றுதான். அந்த பைட்டில் மட்டும் கிளாக் எனேபிள் (ரெஜிஸ்டர் எப்போது புது மதிப்பை ஏற்க வேண்டும் என்னும் சிக்னல்) கொடுங்கள். கிளாக்கை ஆண்ட் கேட் வழியாக வெட்ட வேண்டாம், எஃப்.பி.ஜி.ஏ.வில் அது போலித் துடிப்பை உண்டாக்கும்.

பெட்டி சரிபார்க்கும் சிறு இயந்திரத்துக்காகச் செய்தோம். விளிம்பு வருகிறது, ஆனால் பளிச்சென்ற விளிம்புகளின் நடுவே கறுப்புக் கோடு. இடது ஓரத்திலும் குப்பை.
– பட்டறை நடத்துபவர், கொருக்குப்பேட்டை

கறுப்புக் கோட்டுக்குக் காரணம், எண் 8 பிட்டுக்குள் அடங்காமல் நிரம்பி வழிவது. இரு சரிவுகளின் கூட்டுத்தொகை 1,530 வரை போகும். கீழ் 8 பிட்டை மட்டும் வெளியே எடுத்தால் 260 என்பது 4 ஆகிவிடும். 255-ஐத் தாண்டினால் 255 என்று நிறுத்துங்கள். வரம்பு வைத்து வெள்ளை–கறுப்பாக்குவதென்றால் முழு 11 பிட்டையும் ஒப்பிடுங்கள்.

இடது ஓரக் குப்பை, முந்தைய வரியின் கடைசிப் பிக்சல்கள் கட்டத்துக்குள் கலப்பதால். ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு நெடுவரிசையையும், படத்தின் முதல் இரண்டு வரியையும் பூஜ்யமாக்குங்கள்.

விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் வெரிலாக்கில் (சர்க்யூட்டை எழுதும் மொழி) குறியெண்ணைப் பாருங்கள். ஒரு கோவையில் ஒரே ஒரு குறியில்லா எண் இருந்தாலும் முழுக்கோவையும் குறியில்லாததாகக் கணக்கிடப்படும். படமே மங்கிய சாம்பலாக, உருவமே இல்லாமல் இருந்தால் ஒளிர்வுக்குப் பதில் நிற பைட்டை எடுக்கிறீர்கள். எனேபிளை ஒரு கிளாக் தள்ளுங்கள்.

சோபலை விடக் கேனி என்ற விளிம்பு முறை நல்லது என்கிறார்களே?
– பெரம்பூர்

கோடு மெலிதாக வரும், உண்மை. ஆனால் 5×5 மழுப்பலுக்கு நான்கு வரி, சரிவுக்கு இரண்டு, மெலிதாக்க இரண்டு என நினைவகம் ஏறும். கடைசிப் படியான விளிம்புத் தொடர்ச்சி படம் முழுக்கத் தேடும், வரிவரியாக ஓடும் சர்க்யூட்டுக்கு ஒத்துவராது. பெட்டி, லேபிள், கோடு பார்க்கச் சோபலே போதும்.

கழிமுகக் கரையில் நீர்மட்டக் கோலைப் பார்க்கும் கேமரா, 18650 லித்தியம் பேட்டரியில். எத்தனை நாள் ஓடும்?
– எண்ணூர்

முதலில் ரெகுலேட்டரை (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் சில்லு) பாருங்கள். ஏஎம்எஸ்1117 இருந்தால் கழற்றுங்கள். சும்மா இருக்கும்போதே அது சுமார் 5 மில்லி ஆம்பியர் இழுக்கும், 2,600 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி அதற்கே மூன்று வாரத்தில் தீரும். ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு வேண்டுவதால் 3.7 வோல்ட்டிலிருந்து 3.3 ஒழுங்காக வரவும் வராது. எம்சிபி1700 போடுங்கள், தன் பங்காக 2 மைக்ரோ ஆம்பியர்கூட எடுக்காது; 250 மில்லி ஆம்பியர் வரை தரும்.

அடுத்த பெருந்தீனி கேமரா. நொடிக்கு 15 படத்திலேயே சுமார் 60 மில்லிவாட். நீர்மட்டத்துக்குத் தொடர்ந்து பார்க்க வேண்டாம். நிமிடத்துக்கு 2 நொடி எழுப்பினால் சராசரி 2 மில்லிவாட்டுக்கு இறங்கும். எழுந்தவுடன் வரும் முதல் பத்துப் படங்களைக் கழித்துவிடுங்கள், வெளிச்ச அளவு அதற்குள் நிலைப்படாது. டெவலப்மென்ட் போர்டின் யூஎஸ்பி சில்லும் எல்இடியும் ஓயாமல் இழுக்கும். தனி போர்டில் ஐசிஇ40 யுபி5கே போன்ற, மின்சாரம் குறைவாக எடுக்கும் எஃப்.பி.ஜி.ஏ. சில்லுக்கு மாறுவது நல்லது. அதன் நினைவக பிளாக் 4 கிலோபிட்தான், ஆகவே ஒரு வரிக்கு இரண்டு பிளாக் தேவைப்படும். நாள் கணக்கைத் தாளில் போடுவதைவிட பேட்டரிக் கம்பியில் மீட்டரை வைத்து, தூங்கும்போது எவ்வளவு, விழித்திருக்கும்போது எவ்வளவு என்று தனித்தனியே அளந்து பெருக்குங்கள்.

எண்ணூர் உப்புக்காற்றில் ஜம்பர் ஒயர் முனைகள் பச்சை பூக்கும். எல்லா இணைப்பையும் சால்டர் செய்யுங்கள், லென்ஸை மூடிவிட்டு போர்டுக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் பூச்சு) அடியுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை வைத்து, அது ஈரம் குடித்ததும் மாற்றுங்கள்.