அடுத்தவர் காட்டில் நடப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் சிப்பிங் கேம்டன் என்ற ஊரிலிருந்து விஞ்ச்கம் என்ற ஊர் வரை இரண்டு நாள் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். கோதுமை வயலுக்கு நடுவே, ஆடு மேயும் புல்வெளிக்குள், ஏதோ ஒரு பெரிய மாளிகையின் நிலத்துக்குள் என்று போய்க்கொண்டே இருக்கிறீர்கள். எங்கள் பக்கம் அடுத்தவர் காட்டில் கால் வைத்தால் ‘யாருங்க அது’ என்று குரல் வரும், கூடவே நாயும் வரும். அங்கே யாருமே கேட்கவில்லையா? வெள்ளைக்காரர்களுக்கு அவ்வளவு தாராள மனசா? மகள் பர்மிங்ஹாமில் இருக்கிறாள். மே மாதம் நானும் மனைவியும் போகிறோம். எனக்கு வயது 61, தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். இந்த வழி எனக்கு ஆகுமா?

கே., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கே.,

தாராளமெல்லாம் இல்லை. நிலத்துக்காரருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது பொதுவழி. நம் கிரயப் பத்திரத்தில் ‘மாமூல் வழிநடை பாத்தியம்’ என்று ஒரு வரி வருமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் நம்மிடம் அந்தப் பாத்தியம் பெரும்பாலும் பக்கத்துக் காட்டுக்காரருக்கு. அங்கே அது வழியே போகிற யாருக்கும். மகளைப் பார்க்கப் போன கோபிக்காரருக்கும்தான்.

1949இல் வந்த ஒரு சட்டம், அந்தந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) உள்ள நடைவழிகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. ஏறிவிட்டால் அந்தப் படமே சாட்சி, வாய்ச்சண்டைக்கு இடமில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படிச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் வழி இருக்கிறது. படத்தில் இல்லாத வழியாக இருந்தாலும், ஜனங்கள் அனுமதி கேட்காமல், ஒளியாமல், தடையில்லாமல் 20 வருஷம் நடந்திருந்தால் அதைப் பொதுவழி என்று கோரலாம். கால் தேயத் தேய உரிமை வளர்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேம்டனை விட்டு ஏறி, டோவர்ஸ் ஹில் என்ற மேட்டைத் தாண்டியதும் ஒரு கோதுமை வயல். பயிர் முழங்காலுக்கு வந்திருந்தது. அதன் குறுக்கே, தலையில் வகிடு எடுத்தமாதிரி, ஒரு மீட்டர் அகலத்துக்கு வெறும் மண். எதிர்க்கோடியில் ஒரு மரக்கம்பம், அதில் மஞ்சள் அம்புக்குறி. அந்த வகிட்டை எடுத்து வைத்தது நடந்தவர்களின் கால் மட்டுமல்ல, விவசாயியும்தான். குறுக்கே போகும் பாதையை அவர் உழலாம், விதைக்கலாம். ஆனால் உழுது 14 நாளுக்குள் பாதையைத் திரும்ப நடக்கும்படி ஆக்கித் தர வேண்டும் என்பது சட்டம்.

பாதி வயலில் இருக்கும்போது நாலு சக்கர பைக்கில் ஒருவர் வந்தார். பார்த்தாலே தெரிந்தது, நிலத்துக்காரர். எனக்கு அனிச்சையாகக் கால் நின்றுவிட்டது. ‘வழி தவறி வந்துட்டேனுங்க’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிப் பணிவாகச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் வண்டியை நிறுத்தாமல், “கீழே இருக்கும் கேட்டை நன்றாகத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போங்கள், ஆடு வெளியே வந்துவிடும்” என்று கத்திவிட்டுப் போய்விட்டார். சிரிக்கவில்லை, முறைக்கவுமில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த உரிமை அந்தக் கோட்டோடு சரி. பாதையை விட்டு விலகி வயலில் துண்டை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தால் நிலத்துக்காரர் உங்களைத் தாராளமாக விரட்டலாம். திறந்த மேட்டு நிலங்களில் விருப்பப்படி திரிவது வேறு சண்டை. அதற்காக 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மலையில் அத்துமீறி ஏறியவர்களில் ஐந்து பேர் சிறைக்கே போனார்கள். நாம் நடக்கும் வழிகள் அதைவிடப் பழையவை. சந்தைக்கும் கோயிலுக்கும் ஆலைக்கும் போய் வந்த கால்கள் போட்டவை.

சந்தை என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘சிப்பிங்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. நம் ஊர்ப் பெயர்களில் ‘பேட்டை’ வருவதுபோல. கேம்டன் கடைவீதியில் 1627இல் கட்டிய சந்தை மண்டபம் இன்னும் நிற்கிறது, கல்தரை மேடு பள்ளமாகத் தேய்ந்து. 13ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்று, பிராக்டன் பெயரில் வழங்குவது, ஒரு சந்தைக்கு ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள் இன்னொரு சந்தை வந்து தொந்தரவு தரக்கூடாது என்கிறது. கணக்கு இப்படி: ஒருவர் ஒரு நாளில் நடக்கக்கூடியது 20 மைல். நாளை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வாங்க விற்க, ஒரு பங்கு இருட்டுமுன் வீடு திரும்ப. கூடையும் முதுகுமாக நடந்தவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு.

மற்றபடி பிராட்வே கோபுரம், ஸ்டான்வே நீரூற்று எல்லாம் எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் கிடைக்கும், விடுங்கள். ஸ்டான்வேயில் ஒரு கிரிக்கெட் கொட்டகையை மட்டும் பாருங்கள். பீட்டர் பேன் எழுதிய ஜே. எம். பாரி கொடுத்தது. எலி ஏறாமலிருக்கத் தானியக் களஞ்சியத்துக்கு வைக்கும் காளான் வடிவக் கற்களின்மேல் நிற்கிறது. விஞ்ச்கம் நெருங்கும்போது பக்பிட் லேன் வரும். இரண்டு பக்கமும் வேலி, நடுவே தடம். இட்டேரியேதான், கிளுவைக்குப் பதில் வேறு செடி. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, உங்களுக்கு ஆகுமா? கேம்டனிலிருந்து பிராட்வே சுமார் 10 கிலோமீட்டர், ஒரே நாளில் முடியும். அங்கிருந்து விஞ்ச்கம் கிட்டத்தட்ட 19, நடுவில் இரண்டு நல்ல ஏற்றம். தினம் 5 நடக்கிறவர் பிராட்வேயோடு நிறுத்திக்கொள்ளலாம். கேம்டனுக்கு ரயில் கிடையாது. மோர்டன் இன் மார்ஷ் நிலையத்தில் இறங்கி பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். மே மாதத்தில் கன்றுள்ள மாடுகள் வெளியே நிற்கும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள், ஒதுங்கிப் போங்கள். அப்புறம், ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் ஆரஞ்சு அட்டை வரைபடம் ஒன்று வாங்குங்கள். அதில் பச்சைத் துண்டுக்கோடாக இருப்பதெல்லாம் பொதுவழி. மகள் வீடு இருக்கும் பக்கத்துக்கான படத்தையும் சேர்த்தே வாங்குங்கள். ஊர் எல்லையில் எங்காவது ஒரு பச்சைக் கோடு கிடைக்கும். முதலில் அம்மணியையும் கூட்டிக்கொண்டு அதில் ஒரு சாயந்திரம் நடந்து பாருங்கள். முழங்கால் என்ன சொல்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.